`எல்லாமே நடந்து போற தூரம்தான்!' - பாட்டி எண்ணிய 23 இறக்கங்கள்

சென்னை மேற்கு மாம்பலத்தில் குடியிருப்பவர்களிடம் ஏரியாவைப் பற்றிக் கேட்டால், பெருமையாக ஒரு பதில் வரும். "எல்லாமே நடந்து போற தூரம்தான்!" ரயில் நிலையம், காய்கறிக் கடை, டாக்டர், கோயில், பள்ளிக்கூடம்... தண்டவாளத்தைத் தாண்டினால் ரங்கநாதன் தெரு. அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டின் தரைத்தளத்தில் வசிக்கும் குடும்பத்தலைவரும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்வார். ஆனால், அவர் போவது வருவதெல்லாம் ஸ்கூட்டரில்தான்.

அவருடைய அம்மாவுக்கு 74 வயது. மாலை நாலரை மணி ஆனால் போதும், தலையை வாரிக்கொண்டு ஆரிய கௌடா சாலையில் இருக்கும் அயோத்யா மண்டபத்துக்கு உபன்யாசம் கேட்கக் கிளம்பிவிடுவார். ஆறேழு மாதங்களாக அது நின்றுபோயிருந்தது. கேட்டால், "முட்டி வலிக்குதுப்பா" என்பார். டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். "வயசுக்கு ஏத்த தேய்மானம்தான். தாராளமா நடக்கலாம். நடக்காம இருந்தாத்தான் கஷ்டம்" என்றார் டாக்டர். பாட்டி தலையாட்டினார். மறுநாளும் டி.வி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

மருமகளுக்கு அதே தெரு வேறு மாதிரி. வேலை முடிந்து மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்து வர, சில நாள் இரவு ஒன்பது மணியாகிவிடும். "பிளாட்பாரம் எவ்வளவு அகலமா இருந்தா என்ன? இருட்டா இருந்தா அந்தப் பக்கம் போகமாட்டேன். இஸ்திரி வண்டிக்காரர் இருந்தா தைரியமா வருவேன்" என்பார். அதே இஸ்திரி வண்டியைப் பார்த்து, "பிளாட்பாரத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது" என்று அலுத்துக்கொள்வார் கணவர். ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரனுக்கோ வேப்பமர நிழலும், அதன் கீழே படுத்திருக்கும் இரண்டு நாய்களும்தான் பிரச்னை. தெரு ஒன்றுதான். அந்த வீட்டில் அது நாலு பேருக்கு நாலு தெரு!

ராம நவமி உற்சவம் வந்தது. அந்தப் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்பதால், "வாம்மா, நடந்தே போயிட்டு வந்துடலாம். பத்து நிமிஷம்தானே" என்று அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பினார் மகன்.

கேட்டைத் தாண்டியதுமே பாட்டி மகன் கையைப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினார். "ஒண்ணு" என்று முணுமுணுத்தார். நாலடி போய், மறுபடியும் நடைபாதையில் ஏறினார். அடுத்த அபார்ட்மென்ட்டின் கார் சரிவு வந்தது. "ரெண்டு." மின்சாரப் பெட்டி ஒன்று முழு நடைபாதையையும் அடைத்து நின்றது. "மூணு." வடிகால் மூடி உடைந்த இடத்தில் நாலு.

"என்னம்மா எண்ணிக்கிட்டே வர்றே?"

"இறக்கம்டா. ஏறுறதுகூடப் பரவாயில்லை. இறங்குறப்போதான் பயம். பின்னாடி வர்ற வண்டி எனக்குத் தெரியாது பாரு."

பாதி வழியில் பூக்காரம்மா, "என்னம்மா, ஆளையே காணோம்?" என்று கூடையை நகர்த்தி ஸ்டூலைப் போட்டார். பாட்டி உரிமையோடு உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அந்த வழி முழுக்க உட்கார இருக்கும் ஒரே இடம் அதுதான் என்று மகனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மண்டபத்து வாசலை அடைந்தபோது கணக்கு 23-ல் நின்றது.

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவு இல்லாமல் இல்லை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டு வாசல்களிலும் நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும். அதாவது, ஏறி இறங்க வேண்டியது கார்தான், மனிதர்கள் இல்லை. ஆனால், பல தெருக்களில் மழைநீர் வடிகாலின் மூடியே நடைபாதையாகிவிடுவதால் உயரம் கூடிவிடுகிறது. ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு சரிவு போடுவதால் மட்டமும் அறுந்துபோகிறது.

நல்லது நடக்காமலும் இல்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை 2014-லேயே சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் வந்தது. 2023-ல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து, சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. துணி எடுக்கப் போனபோது அதில் நடந்த பாட்டி, "ஒரு தடவைகூட இறங்கலைடா!" என்று பேரனிடம் ஆச்சர்யப்பட்டிருக்கிறார். தடையில்லாத நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால், வீட்டு வாசலிலிருந்து அந்த ஆகாய நடைபாதை வரை போய்ச் சேர வேண்டுமே!

உற்சவம் முடிந்து திரும்பும்போது மகன்தான் எண்ணிக்கொண்டு வந்தார். இஸ்திரி வண்டியைத் தாண்ட ஒரு தடவைகூட இறங்க வேண்டியிருக்கவில்லை. அதன் ஓரமாக நடக்க வழி இருந்தது. பாட்டியைக் கீழே இறக்கியது பெரும்பாலும் கார் சரிவுகளும் டூ வீலர்களும்தான். வீட்டு கேட் வந்ததும் நின்றுவிட்டார். கிளம்பும்போது அம்மா முணுமுணுத்த அந்த 'ஒண்ணு', நடைபாதையில் நிறுத்தியிருந்த அவருடைய ஸ்கூட்டர். உள்ளே இடம் இருக்கிறது. காலையில் எடுக்கும்போது மற்ற வண்டிகளை நகர்த்த வேண்டும் என்ற சோம்பலில், ஏழெட்டு மாதங்களாக வெளியிலேயே விட்டுவந்தார்.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, 'வண்டியில ஏறு, நான் கொண்டு விடுறேன்'னு சொல்வே. எனக்கு நடந்து போகணும்டா. நானே போயிட்டு நானே வரணும்."

அன்று இரவே ஸ்கூட்டர் உள்ளே போனது. உடைந்த வடிகால் மூடிக்காக மாநகராட்சியின் 1913 எண்ணில் புகாரும் பதிவுசெய்திருக்கிறார். கார் சரிவுகளைப் பற்றி அபார்ட்மென்ட்காரர்களிடம் பேசுவது அத்தனை சுலபமில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

மறுநாள் மாலை நாலரைக்குப் பாட்டி செருப்பைத் தேடினார். ஏழு மணிக்குத் திரும்பி வந்து, பையை ஆணியில் மாட்டிவிட்டு, யாரும் கேட்காமலேயே சொன்னார்.

"இன்னைக்கு 22!"