விதைநெல் காத்தவர்கள்

ரஷ்யாவின் வடமேற்கே, நேவா நதி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்துள்ளது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாநகரம். 1703-ஆம் ஆண்டு பீட்டர் மன்னர் நிறுவியது. ஜூன் மாதத்தில் இங்கு இரவு முழுமையாக இருள்வதில்லை. நள்ளிரவிலும் வானில் அந்தியொளி தங்கியிருக்கும். மூன்று நாள் பயணமாக வருவோர் அரண்மனைகளையும் பாலங்களையும் கண்டு களித்துத் திரும்பலாம். ஆயினும் இந்நகரத்தின் உண்மையான பெருமை, காத்தல் என்னும் அறத்தில் இருக்கிறது.

முதலில் காண வேண்டியது செயின்ட் ஐசக் பேராலயம். 1818-ல் தொடங்கிய திருப்பணி 1858-ல்தான் நிறைவுற்றது. முகமண்டபத் தூண் ஒவ்வொன்றும் நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒற்றைச் செங்கருங்கல். பொன் வேய்ந்த அதன் குவிமாடம் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணில் படும். இரண்டாம் உலகப் போரின்போது, பகைவரின் விமானங்களுக்கு அது அடையாளமாகிவிடாதபடி அந்தப் பொன்னின்மேல் சாம்பல் நிற வண்ணம் பூசினார்கள். சுற்றுப்புற அரண்மனைகளின் கலைச்செல்வங்களை ஆலயத்தின் நிலவறையில் வைத்துப் பாதுகாத்தார்கள்.

அதே சதுக்கத்தில் ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிக்கொலாய் வவிலோவ் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் பல நாடுகளில் திரட்டிய விதைகளின் களஞ்சியம் அது. அந்நாளில் லெனின்கிராடு எனப்பட்ட இந்நகரை, 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை 872 நாட்கள் ஜெர்மானியப் படை முற்றுகையிட்டது. முதல் குளிர்காலத்தில் மக்களுள் பெரும்பாலோருக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி மட்டுமே. வவிலோவோ தம் நாட்டு அரசாலேயே சிறையில் அடைக்கப்பட்டு, 1943-ல் அங்கேயே மறைந்தார். ஆனாலும் அவருடைய சகாக்கள் விதைகளைத் தொடவில்லை. நெல் விதைகளுக்குப் பொறுப்பேற்றிருந்த திமித்ரி இவானொவ், ஆயிரக்கணக்கான நெற்பொட்டலங்களின் நடுவே பசியால் உயிர் நீத்தார்.

இளையான்குடி மாற நாயனார் விதைத்த நெல்லை நள்ளிரவில் வாரி வந்து அடியவருக்கு அமுது படைத்தார். இவரோ விதைநெல்லை எடுக்காமலே பசியோடு மாண்டார். செயல்கள் எதிரெதிராகத் தோன்றினும் உள்ளம் ஒன்றே: தம் பசியைப் பின்னே நிறுத்திப் பிறர் பசியை முன்னே வைத்த உள்ளம்.

அடுத்து, 1811-ல் திறக்கப்பட்ட கசான் பேராலயம். சோவியத் ஆட்சியில் வழிபாடு நிறுத்தப்பட்டு, 1932-ல் இது நாத்திக அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. பல இல்லங்களில் மூதாட்டியர் புனிதப் படங்களை மறைத்து வைத்துப் பேரக்குழந்தைகளுக்குப் பிரார்த்தனை கற்பித்தனர். சோவியத் ஆட்சியின் இறுதியில் ஆலயத்தில் வழிபாடு மீண்டது. இன்று தலையில் முக்காடிட்ட பெண்கள், மாதா திருவுருவின் முன் மெழுகுவர்த்தியோடு வரிசையில் காத்து நிற்கிறார்கள். சந்நிதியில் காத்து நின்று பழகிய கண்களுக்கு அந்த வரிசை அந்நியமாகத் தோன்றாது.

இறுதியாகச் செல்ல வேண்டிய இடம் பிஸ்கார்யோவ்ஸ்கொயே நினைவிடம். முற்றுகையில் மாண்டோருள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இங்கே துயில்கிறார்கள். நீண்ட புல்மேடுகளில் பெயர்கள் இல்லை. அடக்கம் செய்த ஆண்டு மட்டுமே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அணையா விளக்கு ஒன்று எரிகிறது. வருவோர் மலர்களோடு ஒரு துண்டு ரொட்டியையும் கல்லின்மேல் வைத்து, தலை வணங்கிச் செல்கிறார்கள். பசியோடு போனவர்களுக்கு அதைவிட உயர்ந்த படையல் வேறேது!