எங்கள் வீட்டு பார்

தலைப்பைப் பார்த்து யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். இது சாப்பிடுகிற பார். கடைகளில் பளபளக்கும் தாளில் சுற்றி, 'எனர்ஜி பார்', 'புரோட்டீன் பார்' என்று விற்கிறார்களே, அந்த வகை. என் பேரன் போன மாதம் பள்ளி வேன் டிரைவரிடம், "எங்க ஆச்சி ஞாயித்துக்கிழமை ஆனா வீட்ல பார் போடுவாங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அந்த மனிதர் மறுநாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுத்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

செய்முறையை மருமகள்தான் ஒரு வீடியோவாக அனுப்பினாள். அதில் வந்த பெண் நிமிடத்துக்கு ஒரு தடவை 'நோ பேக்', 'நோ பேக்' என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீடுகளில் ஓவன் எந்தக் காலத்தில் இருந்தது? எள்ளுருண்டை, மாலாடு, கடலை மிட்டாய், பொரிவிளங்காய் எல்லாமே அவளுடைய கணக்கில் நோ பேக்தான். நம்மைப் பாடாய்ப் படுத்தியது பாகு.

வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, கொதிக்கவிட்டு, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். விரலால் உருட்டினால் உருள வேண்டும். கடலை மிட்டாய்க்கு அதுவும் போதாது; தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். கொஞ்சம் முந்தி இறக்கினால் மறுநாள் பிசுபிசுக்கும், கொஞ்சம் பிந்தினால் கசக்கும். பதம் வந்ததும் சூடு ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டும், உள்ளங்கை சிவந்து போகும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரி என்ற முறையில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் காலை ஆறு மணிக்கு ஒரு கையில் பிள்ளையின் சாக்ஸும் மறு கையில் கரண்டியுமாக நிற்கிற ஒருத்தியால் பாகுப் பதம் பார்க்க முடியுமா?

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் பேரன் மயங்கி விழுந்ததுதான்.

போன வருஷம் ஜூலை மாதம். காலைப் பிரார்த்தனையில் வரிசையில் நின்றவன் அப்படியே சரிந்துவிட்டான். எட்டாம் வகுப்பு, வளர்கிற பையன். பயப்படும்படி ஒன்றுமில்லை, வெறும் வயிற்றோடு வந்திருக்கிறான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேன் 6.50-க்கு வந்துவிடும். அன்றைக்கு அரை டம்ளர் பாலோடு ஓடியிருக்கிறான். அந்த நேரத்தில் இட்லி இறங்காது அவனுக்கு, கட்டாயப்படுத்தினால் குமட்டும். சில பிள்ளைகளுக்கு அப்படித்தான்.

சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் நாலு பேர் போன் செய்துவிட்டார்கள். நாலு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "அம்மாக்காரி காலையில என்னதான் குடுத்து அனுப்புறா?" அவனுக்கு அப்பாவும் ஒருத்தன் இருக்கிறான். இரவு ஒரு மணி வரை அமெரிக்காக்காரர்களோடு பேசிவிட்டு எட்டு மணிக்கு எழுந்திருக்கிறவன். அவனைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவனே கூட ராத்திரி, "நீ பாத்திருக்கலாம்ல" என்று பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் பதில் பேசவில்லை. பத்தரை மணிக்கு மறுநாளைக்கான சட்னியை அரைக்கப் போனாள். மிக்ஸி ஓடி நின்ற பிறகும் அவள் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

எனக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. 1984-இல் திருநெல்வேலி ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, 2020 ஜனவரி 31-ஆம் தேதி பி.எஸ்.என்.எல்.-இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வரும் வரை, முப்பத்தாறு வருஷம் அதைக் கேட்டிருக்கிறேன். காலை ஆறு மணி ஷிப்ட் என்றால் ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளை தூங்கிக்கொண்டிருப்பான். எதிரே வருகிற யாராவது ஒருத்தர், "பிள்ளைக்கு யாரு பால் குடுப்பா?" என்பார்கள். அப்பாக்காரர் நல்ல ஆரோக்கியமாகத்தான் வீட்டில் இருந்தார், பாலும் அவர்தான் கொடுத்தார். அதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

என் மாமியார் அந்த ஊர்வாய்க்கெல்லாம் தலைவி. "பொம்பளைக்கு என்ன ராத்திரி டூட்டி?" என்று கடைசி வரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தவர். ஒரு நாளும் என்னை உட்காரவைத்துப் பரிமாறியதாக ஞாபகம் இல்லை. ஆனால் மாதம் தவறாமல், முதல் வாரத்தில், பஸ் கண்டக்டர் கையில் ஒரு பால்பவுடர் டப்பா வந்துவிடும். உள்ளே பொரிவிளங்காய். அரிசியும் பாசிப்பயறும் தனித்தனியாக வறுத்து அரைத்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி வறுத்துச் சேர்த்து, கருப்பட்டிப் பாகு ஊற்றிப் பிடித்தது. சுவரில் எறிந்தால் சுவர்தான் உடையும். டப்பாவோடு வரும் செய்தி எப்போதும் ஒன்றுதான்: "வெறும் வயித்தோட போவாதட்டி."

கூட்டம் அதிகமுள்ள நேரத்தில் எக்ஸ்சேஞ்ச் போர்டில் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். அர்ஜென்ட் கால், லைட்னிங் கால் என்று வந்து விழும்போது ஹெட்செட்டைக் கழற்ற முடியாது. ஒரு பொரிவிளங்காயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தெளிவாக 'நம்பர் ப்ளீஸ்' சொல்ல நான் பழகியிருந்தேன். ஒன்றைக் கரைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் பசியும் அடங்கிவிடும். என் பக்கத்து சீட்டுக்காரிகளுக்கும் அந்த டப்பாவில் பங்கு உண்டு. மாமியாருக்கும் அது தெரியும், எண்ணிக்கையை அவர் கூட்டியதிலிருந்தே தெரிந்தது.

பேரனுக்கும் அதையே செய்து கொடுத்திருப்பேன். ஆனால் அவன் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறான். பொரிவிளங்காய், கடலை மிட்டாய், முறுக்கு எதையும் கடிக்கக் கூடாது. மெத்தென்று இருக்க வேண்டும், வேனில் சிந்தாமல் நாலு வாயில் தீர வேண்டும், வயிற்றிலும் நிற்க வேண்டும். அப்போதுதான் மருமகள் அந்த வீடியோவை அனுப்பினாள். "அத்தை, இது நமக்குச் சரிப்படுமா பாருங்க. என்னால வாரநாள்ல முடியாது, ஞாயித்துக்கிழமை நான் செஞ்சு வச்சிடுறேன்" என்றாள். ஆறு நாள் ஓடுகிறவளுக்கு ஏழாவது நாளும் வேலையா? நான் செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

இப்போது அளவு. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 150 கிராம், எள் 50, பொட்டுக்கடலை 50. அரை டீஸ்பூன் சுக்குப்பொடி, இரண்டு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. வீடியோவில் சுக்கு கிடையாது, அது என் மாமியார் கணக்கு. உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்; அது இல்லாவிட்டால் வெறும் தித்திப்பு திகட்டிவிடும். அடுப்பே வேண்டாம் என்பது பாதி உண்மைதான். எள்ளை வெறும் வாணலியில் வெடிக்கும் வரை வறுக்கத்தான் வேண்டும். கடலை கடையிலேயே வறுத்தது கிடைக்கிறது. அதை ஒரு தட்டில் கொட்டி, சுருங்கியதையும் கறுத்ததையும் பூஞ்சை பிடித்ததையும் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். கெட்ட கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கலாம், வறுத்தாலும் அது முழுக்கப் போகாது. ஒரு கடலை கசந்தால் துப்பிவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது வெறும் ருசிக்காக அல்ல.

பொட்டுக்கடலையையும் ஏலத்தையும் முதலில் மாவாக்கிக்கொள்ளுங்கள். கடலையை மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். ஒரே ஓட்டமாக ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். கம்பி போட்ட பல்லுக்காக நான் ரவை பதத்துக்கு உடைக்கிறேன். உங்கள் வீட்டில் நல்ல பற்கள் இருந்தால் ஒன்றிரண்டாக இருக்கட்டும், அதுதான் ருசி. பேரீச்சம்பழம் காய்ந்த ரகமாக இருந்தால் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு, ஒட்டப் பிழிந்து, துணியால் ஒற்றிவிடுங்கள். ஈரம் தங்கினால் சீக்கிரம் கெடும். முழுப்பழத்தை அப்படியே மிக்ஸியில் போட்டால் பிளேடு சிக்கி நிற்கும். நறுக்கி, இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவும் சேர்த்து ஓட்டினால் சண்டித்தனம் செய்யாது.

பிறகு எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டிச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைய வேண்டும். பிடித்தால் பிடி நிற்க வேண்டும். பாகு செய்கிற வேலையை இங்கே பேரீச்சம்பழம் செய்கிறது. ஏழு அங்குலச் சதுரத் தட்டில் நெய் தடவிய வாழையிலையோ பட்டர் பேப்பரோ விரித்து, கலவையைப் பரப்பி, அடிதட்டையான டம்ளரால் அழுத்துங்கள். இந்தப் பலகாரத்தில் சூட்சுமம் என்று ஒன்று உண்டென்றால் இந்த அழுத்தம்தான். லேசாகத் தட்டினால் வேனில் உதிர்ந்து சட்டையெல்லாம் ஆகும். உடம்பின் பாரத்தைப் போட்டு, மூலை முடுக்கெல்லாம் அழுத்த வேண்டும். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, நாலுக்கு நாலாகக் கீறினால் பதினாறு துண்டு. டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் எங்கள் வீட்டில் இரண்டு வாரம் நன்றாக இருந்திருக்கிறது. அதற்கு மேல் தெரிந்துகொள்ள வழியில்லை, மிஞ்சுவதில்லை.

ஒரு துண்டு சுமார் 28 கிராம். நான் போட்ட கணக்கில் ஏறக்குறைய 120 கலோரி, நாலு கிராம் புரதம். இரண்டு சாப்பிட்டால் ஒரு பையன் பதினோரு மணி இடைவேளை வரை தாங்குவான். இதை இட்லிக்கு ஈடு என்று சொல்லமாட்டேன், வெறும் வயிற்றை விட எவ்வளவோ மேல். 'சர்க்கரை சேர்க்காதது' என்ற பேச்சையும் நம்பாதீர்கள். பேரீச்சம்பழத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். வீட்டுக்காரருக்கு நீரிழிவு, அவருக்கு அரைத் துண்டுக்கு மேல் கிடையாது, அதையும் அவர் ஒன்று என்று எண்ணிக்கொள்கிறார். கம்பிப் பல்காரன் சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும். சில பள்ளிகளில் ஒவ்வாமைக்குப் பயந்து கடலை கொண்டுவரக் கூடாது என்பார்கள். அங்கே பூசணி விதை, சூரியகாந்தி விதை போடலாம். சின்னக் குழந்தைகளுக்குக் கடலைத் துண்டு தொண்டையில் சிக்கும், அவர்களுக்கு வேண்டாம்.

கடையில் வாங்கினால் என்ன என்று மகன் கேட்டான். வாங்கலாம். ஆனால் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது சட்டம். அவன் வாங்கி வந்ததில் முதலாவதாக நின்றது குளுக்கோஸ் சிரப். முன்பக்கத்தில் பாதாம் படம்.

முதல் வாரம் பதினாறு துண்டு போட்டேன். பேரனுக்கு நாளைக்கு இரண்டு, ஐந்து நாளைக்குப் பத்து. பேத்திக்கு ஒன்று வீதம் ஐந்து. மீதி ஒன்று வீட்டுக்காரருக்கு, பாதி பாதியாக. வியாழக்கிழமை டப்பா காலி. வீட்டுக்காரரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், அவர் சாமி சத்தியம் செய்தார். அடுத்த வாரமும் அதே கதை.

வெள்ளிக்கிழமை மருமகளே சொன்னாள். குரல் இறங்கியிருந்தது. "அத்தை, நான்தான் தினம் ஒண்ணு எடுத்துட்டுப் போறேன். கம்பெனி பஸ்ல சாப்பிடுவேன். புள்ளைங்களுக்குக் குறைஞ்சிடுச்சா?"

"அதுக்கு முன்னாடி காலையில என்னம்மா சாப்பிட்டுக்கிட்டு இருந்தே?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் போயி காபி குடிப்பேன். பத்தரை, பதினொண்ணு ஆகும்."

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து என்றாள். போன் செய்த நாலு பேரையும் ஒரு நிமிடம் மனதில் நிறுத்திப் பார்த்தேன். ஒருத்தராவது, அந்தப் பெண் என்ன சாப்பிட்டுப் போனாள் என்று கேட்டார்களா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அளவை இரட்டிப்பாக்கினேன். பேரீச்சம்பழம் 400, கடலை 300, எள்ளும் பொட்டுக்கடலையும் நூறு நூறு. தட்டு இரண்டு, துண்டு முப்பத்திரண்டு. அவ்வளவையும் டம்ளரால் அழுத்த என் தோள்பட்டை இடம் கொடுக்கவில்லை. மகனை எழுப்பி டம்ளரைக் கையில் கொடுத்தேன். "ஆச்சி, அப்பா மூலையெல்லாம் விட்டுட்டாங்க" என்று பேத்தி மேற்பார்வை பார்த்தாள். இப்போது எட்டு மாதமாக ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அழுத்துகிற வேலை அவனுடையது. மருமகளுக்குத் தனியாக ஒரு சின்ன டப்பா வாங்கி, அதில் பத்துத் துண்டு போட்டு, அவள் ஆபீஸ் பையிலேயே வைத்துவிடுகிறேன். பக்கத்து சீட்டுக்காரிகளுக்கும் சேர்த்துத்தான் பத்து.