அப்பா கழுவின காரும் நாங்க வாங்காத காரும்

போன வருசம் கார்த்திகை மழை நேரம், டோஹாவில வேலை செய்ற அண்ணன் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினான். சிவப்புக் கலர், ரெண்டே ரெண்டு சீட், கன்வஸ் ஹூட் போட்ட பழைய எம்ஜி மிட்ஜெட். கீழே ஒரு வரி: “அப்பாவுக்கு எடுப்பமா?”

அந்த வரிக்குப் பின்னால ஐம்பது வருசக் கதை இருக்கு. ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில அப்பா சின்னப் பொடியனா இருந்தப்போ, சின்னத்துரையிடம் இதே மாதிரி ஒரு மிட்ஜெட் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை காலையில அதைக் கழுவுறது அப்பாவோட வேலை. கழுவலாம், துடைக்கலாம், மெழுகு போடலாம். உள்ளே உட்காரக் கூடாது. 1975ல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தப்போ துரை போயிட்டார், காரும் போயிட்டுது. பிறகு அப்பா அதே தோட்டத்தில லொறி டிரைவரா இருந்து பென்சன் வயசு வரைக்கும் கொழுந்து ஏற்றினார்.

விற்கிறவர் கேட்ட விலை முப்பத்திரண்டு லட்சம். அண்ணன் ஆறு வருசமா சேர்த்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான். லயத்தை விட்டு வந்து கட்டின எங்கள் வீட்டுக்கு இன்னும் ஸ்லாப் போடல, தகரம்தான். அம்மாவிடம் சொல்லாம நானும் அப்பாவும் ஒரு சனிக்கிழமை காலையில கிளம்பினோம். அப்பா ஒரு டோர்ச், ஒரு துண்டுத் துணி, ஸ்பீக்கர் ஒன்றில இருந்து கழற்றின காந்தம், இதை மட்டும் பையில போட்டுக்கிட்டார்.

கார் நின்றது மாத்தளை டவுனுக்குப் பக்கத்தில ஒரு வீட்டில. அப்பா முதல்ல பார்த்தது நம்பர் பிளேட்டை. அறுபதுகளில பதிவான வண்டி, நடுவில சிங்கள ஸ்ரீ எழுத்து. இந்த எழுத்துக்காக 1958ல் தார் வாளியோட ஆட்கள் திரிஞ்ச கதையை எங்கள் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். வடக்கில மட்டுமில்ல, மலையகத்திலயும் அது நடந்தது. ஆனா இன்றைக்கு அதே ஸ்ரீ பிளேட் இருந்தாத்தான் பழைய காருக்கு மதிப்பு என்று விற்கிறவர் பெருமையா சொல்றார். அப்பா அதையெல்லாம் கேட்கல. நம்பரை ரெண்டு தரம் வாசிச்சார். “இது அது இல்ல” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். சின்னத்துரையோட கார் நம்பர் அவருக்கு இன்னும் மனப்பாடம்.

திரும்பிடுவார் என்றுதான் நினைச்சேன். ஆனா அதற்குப் பிறகுதான் அவர் சட்டைக் கையை மடிச்சார்.

மிட்ஜெட் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். 1961ல் வந்த கார், 1979 வரைக்கும் செய்தாங்க. 1974 வரைக்கும் வந்தவற்றில இருந்தது ஏ-சீரிஸ் எஞ்சின். நம்ம ஊர்ல தடுக்கி விழுந்தா தெரியிற மொரிஸ் மைனர்ல இருக்கிறதும் அதே குடும்பத்து எஞ்சின்தான். அதனால எஞ்சின் சாமானுக்குப் பெரிசா பயப்படத் தேவையில்ல, மைனர் தெரிஞ்ச பாஸ் யாரும் கை வைப்பார். பயப்பட வேண்டியது பொடிக்குத்தான். மைனருக்கும் மிட்ஜெட்டுக்கும் தனியா சேசிஸ் கிடையாது. மிட்ஜெட்டுக்குக் கூரையும் இல்ல. கதவுக்குக் கீழே ஓடுற சில் ரெண்டும், தரையும்தான் காரைத் தாங்குது. அது உக்கினா கார் நடுவில தொய்யும்.

அப்பா காந்தத்தைத் துணியில சுற்றி (பெயின்ட் கீறக் கூடாதாம்) சில் மேல வைச்சு மெதுவா இழுத்தார். முன் பக்கம் ஒட்டிச்சு. பின் சக்கரத்துக்குக் கிட்ட வந்ததும் கையோட வந்திட்டுது. ஒட்டாத இடம் தகரம் இல்ல, புட்டி. அடுத்து ரெண்டு கதவையும் மூடி, இடைவெளியைப் பார்க்கச் சொன்னார். மேலே விரல் போகாது, கீழே சுண்டு விரல் தாராளமா போகுது. ஜக் வைச்சு லேசாத் தூக்கிக் கதவைத் திறந்தா, திரும்ப மூட முடியல. “பாத்தியா புள்ள, முதுகு போயிருச்சு” என்றார். கார்ப்பெட்டைத் தூக்கி டோர்ச் அடிச்சா, தரையில மேலுக்கு மேலா வெல்டிங் துண்டுகள், சட்டையில ஒட்டுப் போட்ட மாதிரி. 1964க்கு முந்தின மிட்ஜெட் என்றா பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடத்தை இன்னும் கவனமாப் பார்க்கணும். அந்தக் காலாவட்ட ஸ்பிரிங்கோட பாரம் முழுக்கத் தரைத் தகரத்திலதான் இறங்கும்.

கார் எங்கே இருந்து வந்தது என்றும் கேளுங்க. நீர்கொழும்பு, காலி மாதிரிக் கடலோரத்து வண்டி என்றா உப்புக் காற்று தின்றிருக்கும். தம்புள்ளைப் பக்கம் வெயில்ல நின்றது என்றா ரப்பர் எல்லாம் வெடிச்சிருக்கும், தகரம் தப்பியிருக்கலாம். நம்ம ரத்தோட்டை, ரிவஸ்டன் பக்கத்து மூடுபனியில ஷெட்டுக்குள்ள வருசக்கணக்கா நின்ற வண்டி, வெளியில பளபளப்பா இருந்தாலும் உள்ளே இருந்து உக்கியிருக்கும்.

பிறகு பொனட்டைத் திறந்தோம். அப்பா குனிஞ்சு பார்த்திட்டு நிமிர்ந்து சிரிச்சார். உள்ளே இருந்தது டட்சன் ஏ12. ஜப்பான் எஞ்சின். நம்ம நாட்டில இது அதிசயமில்ல. எழுபதுகளில இறக்குமதி இறுக்கமா இருந்தப்போ பழைய கார்களைத்தான் ஓட்டி ஓட்டிக் காப்பாற்றினாங்க, 77க்குப் பிறகு ஜப்பான் எஞ்சின் மலிவா வந்ததும் பிரிட்டிஷ் கார்களுக்கெல்லாம் மாற்றிப் போட்டாங்க. ஓடுறதுக்கு அது நல்ல எஞ்சின்தான். பிரச்சினை புத்தகத்தில.

விற்கிறவர் கொண்டு வந்த பதிவுப் புத்தகத்தில பழைய எஞ்சின் நம்பர்தான் இருக்கு. மாற்றினதை மோட்டார் வாகனத் திணைக்களத்தில பதியவேயில்ல. இன்னொன்று, புத்தகத்தில இருக்கிறது இவர் பேரே இல்ல. இவருக்கு முந்தி வாங்கின ரெண்டு பேரும் பேர் மாற்றாம, கையெழுத்து வைச்ச பேப்பரைக் கைமாற்றிக்கொண்டே வந்திருக்காங்க. ஓபன் பேப்பர் என்று சொல்றது இதைத்தான். புத்தகத்தில பேர் உள்ளவர் உயிரோட இருக்காரா என்று கேட்டேன். “அது பிரச்சினை வராது மிஸ்” என்றார். தெரியும் என்றும் சொல்லல, தெரியாது என்றும் சொல்லல.

அதனால நான் சொல்றது, காரைப் பார்க்க முன்னம் புத்தகத்தைப் பாருங்க. சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் காரில தேடி உங்கள் கண்ணால ஒப்பிடுங்க. உரிமையாளர் பேரும் விற்கிறவர் அடையாள அட்டையும் ஒன்றா இருக்கணும். லீசிங் கம்பனி பேர் ஏதும் மிஞ்சியிருக்கா என்று பாருங்க. கடைசியா எப்போ வருமான அனுமதிப்பத்திரம் எடுத்தது, புகைச் சோதனை பாஸ் ஆகினதா என்று கேளுங்க. 2020 மார்ச்ல வாகன இறக்குமதியை நிறுத்தினதில இருந்து 2025 பெப்ரவரியில திறக்கும் வரைக்கும் ஓடுறது ஓடாதது எல்லாத்துக்கும் விலை ஏறிச்சு. அந்த அவசரத்தில பேப்பர் பார்க்காம வாங்கினவங்க நிறைய.

இவ்வளவும் பார்த்த பிறகு வேணாம் என்பது ரெண்டு பேருக்குமே தெரியும். அப்பா விற்கிறவரிடம் கேட்டார், “ஒருக்கா ஓட்டிப் பார்க்கலாமா?”

கண்டி ரோட்டில பலகடுவ ஏற்றத்துக்கு எடுத்தோம். பழைய காரைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்ல. சமதரையில எல்லாக் காரும் நல்ல கார். ஏற்றத்தில ரெண்டாம் கியர்ல பிடிச்சு, ஹீட் முள்ளையும் ஒயில் பிரஷர் முள்ளையும் பார்க்கணும். இறக்கத்தில காலை எடுத்திட்டுத் திரும்ப மிதிச்சா, கண்ணாடியில நீலப் புகை தெரியுதா பார்க்கணும். கம்பிச் சக்கரம் என்றா பிரேக் பிடிக்கும்போது ‘டக்’ என்று சத்தம் வருதா கேட்கணும், வந்தா பல் தேஞ்சிட்டுது. இதையெல்லாம் அப்பா போகும்போது சொல்லிக்கொண்டே போனார். மேலே போய்த் திருப்பின பிறகு ஒன்றும் சொல்லல. தூறல் விழுந்தது. ஹூட்டைப் போடவா என்று கேட்டேன். வேணாம் என்று தலையை ஆட்டினார். முகமெல்லாம் தண்ணி.

காரை விட்டிட்டு, சாவியைக் கொடுக்க முன்னம் பையில இருந்த துணியை எடுத்து, நாங்க இருந்த சீட் ரெண்டையும் துடைச்சார். ஸ்டியரிங்கையும் துடைச்சார்.

பஸ்ஸில இருந்தே அண்ணனுக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டார்: “தம்பி, கார் நல்லாத்தான் இருக்கு. ஆனா நமக்கு வேணாம்யா. ஓட்டிட்டேன், போதும்.” அண்ணன் அன்றைக்கு இரவு எனக்கு மட்டும் கோல் எடுத்தான். அப்பா பேசினா கவலையா இருந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல.

பழைய கார் பார்க்கப் போகும்போது, அந்தக் கார்ல ஆசை இல்லாத ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க என்று சொல்வாங்க. நல்ல யோசனைதான். நான் கூட்டிக்கிட்டுப் போனது ஐம்பது வருசமா ஆசைப்பட்ட ஒருத்தரை. அவர்தான் காந்தத்தையும் எடுத்துக்கிட்டு வந்தார்.

பங்குனியில ஸ்லாப் போட்டோம்.