இடப்பக்கத்துச் சத்தம்

வெடிச் சத்தத்தைக் கேட்டே அது குருவி வெடியா, லட்சுமி வெடியா, சரம் முழுவதும் வெடித்ததா, பாதியில் நமத்துப் போயிற்றா என்று சொல்லிவிடுவோம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள். இது பெருமை அல்ல, வளர்ந்த இடத்தின் பழக்கம். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு, எங்கள் காரில் கேட்ட ஒரு சத்தத்தை நான்கு மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை. தோழியரே, அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது பழைய மாருதி 800. என் அப்பா சிவகாசி அச்சகங்களில் காலண்டர்க் கட்டுகளை ஏற்றி வந்து விருதுநகர்க் கடைகளுக்குப் போடுபவர். பின்பக்க இருக்கையைக் கழற்றி விட்டதால், விடுமுறை நாட்களில் முன்னால் இடப்பக்கம்தான் என் இடம். சித்திரை மாதம் ஒருநாள் ஆமத்தூரைத் தாண்டி ஒரு சந்துக்குள் வண்டி வலப்புறம் திரும்பியபோது, என் காலடியில் 'டக், டக், டக்' என்று கேட்டது. வண்டி நேரானதும் நின்றுவிட்டது. அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்பாவுக்கு இடது காது கேட்காது. நான் பிறப்பதற்கு முன், பட்டாசு வேலைக்குப் போன காலத்தில் நடந்த விபத்தில் செவிப்பறை போய்விட்டது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. "உங்களுக்குக் கேட்கவில்லையா அப்பா?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆவணியில் சத்தம் தெருவுக்கே கேட்டது. ஒரு கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னதும் அப்பா தலையைக் குனிந்துகொண்டு வண்டியை ஒரு பட்டறைக்கு ஓட்டிப் போனார். அங்கே நேர் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டீயரிங் பாகத்தையே மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்களாம். அன்று இரவு, "வித்துரலாமான்னு பாக்கேன்" என்று அம்மாவிடம் அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. வண்டி போனால் தீபாவளிக்குப் பிந்திய காலண்டர் வியாபாரமும் போகும். அதற்குப் பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குப் பின்னால் உள்ள பொட்டலுக்கு வண்டியைக் கொண்டு போனோம். முதலில் வண்டியை நிறுத்தி வைத்தே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் ஒடித்துப் பார்த்தார் அப்பா. சத்தமே இல்லை. பிறகு முழுவதும் ஒடித்து வைத்து மெதுவாக வட்டமடித்தார். இடப்புற வட்டத்தில் அமைதி. வலப்புற வட்டத்தில் 'டக், டக்'. வேகம் கூடினால் சத்தம் நெருங்கியது, குறைந்தால் விட்டு விட்டு வந்தது. சக்கரத்தோடு சேர்ந்துதான் அது சுற்றுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் கூடவே நடந்து கேட்டேன். சந்தேகமே இல்லை, இடது முன் சக்கரம்தான்.

குனிந்து பார்த்தேன். சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தது. ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய ரப்பர் உறை ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது.

சாத்தூர் ரோட்டில் உள்ள வயதான மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனோம். அவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். ஆனால் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். கடப்பாரையால் கீழ்க்கையை நெம்பிப் பார்த்தார். "பால் ஜாயின்ட் போயிருந்தா சக்கரமே மடங்கிரும் பாப்பா. அதை மொதல்ல பாக்கணும்" என்றார். அது உறுதியாக இருந்தது.

அம்பாசிடரில் எஞ்சினின் விசை பின் சக்கரங்களுக்குப் போகும். முன் சக்கரங்கள் திரும்பினால் போதும். மாருதி 800-லோ முன் சக்கரங்களே வண்டியை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதற்காக ஆக்ஸிலின் முனையில் ஒரு மூட்டு இருக்கிறது. ஒரு கிண்ணத்துக்குள் ஆறு எஃகுக் குண்டுகள், அவை ஓடுவதற்குப் பள்ளங்கள். வளைந்த நிலையிலும் சக்கரம் ஒரே சீராகச் சுற்றுவது இவற்றால்தான். 1920-களில் ஆல்பிரட் ஷெப்பா என்ற பொறியாளர் அமெரிக்காவில் கண்டுபிடித்த அமைப்பாம். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், நம் ஊர்க் கரிசல் புழுதி உள்ளே போய் அம்மியில் அரைப்பது போல அரைக்கும். வலப்புறம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தின் மேல் சாய்வதால் தேய்ந்த மூட்டு அங்கே கத்துகிறது.

ஹப் நட்டைக் கழற்றும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டது நான்தான். ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி இரண்டு பேர் தொங்கினார்கள்! கியர் ஆயிலை வடித்து, ஆக்ஸிலை உருவி, பழைய மூட்டைச் சுத்தியலால் தட்டி எடுத்தார் அண்ணாச்சி. துடைத்துக் காட்டினார். குண்டுகள் ஓடும் பள்ளங்களில் அம்மைத் தழும்பு போலக் குழிகள்.

"சத்தம் வர்றதுக்கு முன்னாடியே உறையை மாத்தியிருந்தா அதோட போயிருக்கும். சின்னதா கேட்டப்பவே வந்திருந்தாலும் ஆக்ஸிலைக் கழட்டத்தான் செய்யணும், ஆனா இந்த அளவுக்கு விட்டிருக்க வேண்டாம்" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

புது மூட்டு, கிரீஸ், உறை, கூலி எல்லாம் சேர்த்தும் முதல் பட்டறையில் சொன்னதில் நாலில் ஒரு பங்கு ஆகவில்லை.

மாலையில் மீண்டும் அதே பொட்டல், அதே வலப்புற வட்டம்.

"சத்தம் கேக்குதா தாயி?"

"இல்லப்பா. சித்திரையிலேயே கேட்டுச்சு. நான்தான் சொல்லல."

அப்பா வண்டியை நிறுத்தினார். ஸ்டீயரிங்கின் மேல் இருந்த தம் கைகளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் கையில தட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. காதுதான் போச்சு, கையும் போச்சோன்னு பயந்து நானும் யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

இப்போதெல்லாம் மாதத்தின் முதல் ஞாயிறன்று அப்பா ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து வைப்பார். நான் டார்ச் விளக்குடன் குனிந்து உறையின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அவருடைய வலது காதுப் பக்கம் போய்ச் சொல்வேன்.