நிற்காத நிறுத்தப்புள்ளி

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கிற்கு அனுப்பவிருந்த ஆய்வுச் சுருக்கத்தைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். காரணம் கேட்ட நண்பர்களுக்கு "தரவில் சிறு சிக்கல்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பதில் முழு உண்மையன்று. தரவில் சிக்கல் வந்த வழியைக் களப்பணிக்குக் கருவி செய்துகொள்ளும் பிற ஆய்வு மாணவர்களும் அறிந்திருப்பது நல்லது என்று தோன்றுவதால் இந்த நீண்ட பதிவு. மொழியியல் படித்தவர்களுக்கு நடுவில் வரும் கணினிச் செய்திகளும், கணினி படித்தவர்களுக்குத் தொடக்கத்தில் வரும் ஒலியியல் செய்திகளும் சற்று அலுப்பூட்டலாம். பொறுத்தருள்க.

நான் ஆய்வு செய்வது முண்டாரி மொழியின் சொல்லிறுதி அடைப்பொலிகளை. ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்தில் பேசப்படும் வழக்கு அது. தலைமுடியைக் குறிக்கும் 'உப்' போன்ற சொற்களின் இறுதியில் உதடு மூடுவதோடு குரல்வளையும் அடைபடுகிறது. பிறகு அந்த அடைப்பு நெகிழும்போது சிலரிடம் காற்று மூக்கின் வழியே வெளியேறுகிறது. இந்த நிகழ்வுகள் அனைத்தும் சில பத்து மில்லிசெகண்டுகளுக்குள் நடந்து முடிந்துவிடும். எது முன், எது பின் என்பதே என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல்.

இதை அளக்க ஒலியோடு வாய்க்காற்றையும் மூக்குக்காற்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆய்வகத்திலுள்ள கருவியைக் கிராமத்துக்குத் தூக்கிச் செல்ல இயலாது. ஆகவே ஹைதராபாத்தில், எங்கள் விடுதி அறையிலேயே ஒன்றைச் செய்தேன்: ஒரு முகமூடி, இரண்டு அழுத்த உணரிகள், ஒரு ஒலிவாங்கி, ஆர்ம் கார்டெக்ஸ்-எம்4 உட்கரு கொண்ட ஒரு எஸ்டிஎம்32 பலகை, ஒரு எஸ்டி அட்டை. நிரலை சி மொழியில் நானே எழுதினேன். முதுகலை மொழியியல் முடித்தவள் சி எழுதுவதில் ஒரு சிறு செருக்கும் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

பதினான்கு பேரிடம் பதிவு செய்தேன். முடிவு அழகாக வந்தது. இளையோரிடம் குரல்வளை அடைபட்ட பின்னரே மூக்கில் காற்று தொடங்கியது. முதியோரிடம் அடைபடுவதற்கு முன்பே தொடங்கியது. இரு தலைமுறைக்கு நடுவில் ஒரு மொழிமாற்றம் நடந்துகொண்டிருப்பதைக் கண்டுவிட்டதாக நம்பினேன். சுருக்கம் அந்த ஒரு வாக்கியத்தின் மீதுதான் நின்றது.

என் நெறியாளர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சொல் முதலில் வரும் 'ப'வில் வாய்க்காற்று எப்போது வருகிறது?" மூக்கைப் பற்றிய ஆய்வில் இது எதற்கு என்று மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். இளையோரிடம் 'ப' வெடிக்கும் கணத்தில் காற்றும் ஒலியும் ஒன்றாகவே வந்தன. முதியோர் இருவரிடம் காற்று வந்து 32 மில்லிசெகண்டு கழித்து ஒலி வந்தது. இன்னொருவரிடம் 64. உதட்டிலிருந்து சில அங்குலத் தொலைவில் உள்ள ஒலிவாங்கியை ஒலி எட்ட ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாது. எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவருக்கும் காற்று இப்படி முந்தி வராது.

32 என்ற எண்ணைக் கண்டதும் வயிறு கலங்கியது. அது என் நிரலில் உள்ள எண். காற்றழுத்தத்தை வினாடிக்கு 2000 முறை அளந்து, 64 அளவுகள் சேர்ந்ததும் ஒரு கட்டாக எஸ்டி அட்டைக்கு அனுப்புகிறேன். 64 அளவுகள் என்பது சரியாக 32 மில்லிசெகண்டு. அட்டையோ தன் உள்வேலைக்காகச் சில வேளைகளில் 40 மில்லிசெகண்டுக்கும் மேல் பதில் தராமல் நின்றுவிடும். அதற்குள் அடுத்த கட்டு நிறைந்துவிட்டால் ஒரு கட்டு தொலையும். அதற்குப் பின்வரும் காற்றுப் பதிவு முழுவதும் 32 மில்லிசெகண்டு முன்னால் நகர்ந்துவிடும். ஒலிக்கு அரை வினாடி அளவு பெரிய இடையகம் கொடுத்திருந்ததால் அது நகரவில்லை.

இந்த ஆபத்தை நான் அறியாதவள் அல்லள். கட்டு தொலைந்தால் எண்ணிக்கொள்ள 'தவறியவை' என்று ஒரு மாறியை வைத்திருந்தேன். களத்துக்குப் புறப்படுமுன் அந்த மாறியைக் கூட்டும் வரியில் டீபக்கரில் நிறுத்தப்புள்ளி வைத்து ஒரு பிற்பகல் முழுவதும் கருவியை ஓடவிட்டேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. மாறியின் மதிப்பைக் கேட்டேன், சுழியம் என்றது. கட்டு தொலையவில்லை என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். அந்தப் பக்கம் இப்போதும் இருக்கிறது.

எங்கள் விடுதியில் மின்னணுவியலில் ஆய்வு செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார். தமிழ் மாணவர்கள் எல்லோருக்கும் அண்ணா. குறிப்பேட்டைக் காட்டி, "அண்ணா, அந்த வரியில நிக்கவே இல்ல. அப்ப கட்டு தொலையல தானே?" என்றேன். அவர் தேநீரைக் கீழே வைக்காமலே கேட்டார்: "நிக்கலன்னா நடக்கலன்னு எப்படிம்மா சொல்லுதே? நடக்க வச்சுப் பாத்தியா?"

நடக்க வைத்துப் பார்க்கவில்லை. அன்றிரவு அட்டைக்கு எழுதும் இடத்தில் வேண்டுமென்றே 50 மில்லிசெகண்டு தாமதத்தைச் சேர்த்தேன். இனி ஒவ்வொரு சுற்றிலும் கட்டு தொலைந்தே ஆக வேண்டும். அதே வரியில் நிறுத்தப்புள்ளி, ஓடவிட்டேன். நிற்கவில்லை. மாறி சுழியம் என்றே சொன்னது. வெளியே காற்றுக் கோப்போ ஒலிக் கோப்பைவிட மிகமிகச் சிறியதாக வளர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஐயம் நிரலை விட்டு டீபக்கரின் மீது திரும்பியது.

மூல நிரல் அளவிலான டீபக்கிங் என்பதை மொழியியலார் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். சில்லு நாம் எழுதிய சி வரிகளை அறியாது. அது ஓட்டுவது இயந்திரக் கட்டளைகளை மட்டுமே. கம்பைலர் அக்கட்டளைகளை உண்டாக்கும்போது, விரும்பினால், கூடவே ஓர் உரையையும் எழுதி வைக்கும்: இந்த முகவரியில் உள்ள கட்டளை இந்தக் கோப்பின் இந்த வரிக்கு உரியது, இந்த மாறி நினைவகத்தின் இந்த இடத்தில் உள்ளது என்று. ட்வார்ஃப் என்ற வடிவத்தில் அமைந்த அந்த உரை, எல்ஃப் என்ற கோப்பில் கட்டளைகளோடு சேர்ந்து கணினியில் இருக்கும். சில்லுக்குள் போவது கட்டளைகள் மட்டும், உரை போவதில்லை. திரையில் ஒரு வரியின் அருகே அம்புக்குறி நிற்கிறது என்றால், டீபக்கர் சில்லிடமிருந்து ஒரு முகவரியைப் பெற்று, கணினியிலுள்ள உரையில் அதைத் தேடி, "இதுவாக இருக்கும்" என்று காட்டுகிறது என்பதே பொருள். நாம் பார்ப்பது மூலத்தையன்று, உரையை. சுவடிப் பதிப்பில் பயிற்சி உள்ளவர்கள் இதற்குமேல் வருவதை ஊகித்திருப்பார்கள்.

என்னிடம் இரண்டு பாடங்கள் இருந்தன. கருவியில் ஏற்றியது, வேகத்துக்காக ஓ2 நிலையில் உகப்பாக்கம் செய்த நிரல். டீபக்கர் திறந்திருந்ததோ உகப்பாக்கமே இல்லாத ஓ0 நிலையில் தொகுத்த பழைய எல்ஃப் கோப்பை; வேறொரு கோப்புறையில் கிடந்த அதன் பெயரை என்றோ அமைப்புக் கோப்பில் எழுதியிருந்தேன், பிறகு மாற்றவில்லை. ஒரே மூல நிரல், ஒரே பெயர்கள், முற்றிலும் வேறான முகவரிகள். 'தவறியவை' இருக்கும் இடம் என்று பழைய உரை சுட்டிய நினைவக இடத்தில் புதிய நிரல் எதையும் வைத்திருக்கவில்லை; அங்கே எப்போதும் சுழியம். நிறுத்தப்புள்ளி வைத்த முகவரியிலோ புதிய நிரலில் யாரும் அழைக்காத ஒரு செயற்கூறின் துண்டு கிடந்தது. அங்கே நிரல் ஒருநாளும் போகாது. போகாத தெருவில் காவலர் ஒருவரை நிறுத்திவிட்டு, திருடர் வரவில்லை என்று ஒரு பிற்பகல் முழுவதும் மகிழ்ந்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்க ஜிடிபியில் 'கம்பேர்-செக்‌ஷன்ஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. கணினியிலுள்ள கோப்பின் பகுதிகளையும் சில்லிலுள்ளதையும் ஒப்பிட்டு, பொருந்துகிறதா இல்லையா என்று ஒரு வரியில் சொல்லிவிடும். சில வினாடி வேலை. பாடத்தை ஒப்பிடாமல் உரையைப் படிக்காதே என்று முதலாண்டு மாணவர்களுக்கு நான் வகுப்பெடுத்திருக்கிறேன்.

சரியான கோப்பைத் திறந்த பின் எல்லாம் தெளிந்துவிடவில்லை. உகப்பாக்கம் செய்த நிரலை வரிவரியாக ஓட்டிப் பார்ப்பது தனித் துன்பம். அம்புக்குறி 112ஆம் வரியிலிருந்து 118க்குத் தாவும், 113க்குத் திரும்பும், மீண்டும் 118. கம்பைலர் கட்டளைகளின் வரிசையை மாற்றிக் கலந்துவிட்டதால் நேரும் இயல்பான விளைவு இது. முதல்முறை பார்ப்பவர் நிரலுக்குப் பேய் பிடித்ததென்றே எண்ணுவர். சில மாறிகளின் மதிப்பைக் கேட்டால் 'ஆப்டிமைஸ்ட் அவுட்' என்ற பதில்தான் வரும். அந்த இடத்தில் அம்மாறிக்கு இருப்பே இல்லை என்று பொருள். இந்தப் பதிலைத் தொடக்கத்தில் வெறுத்தேன், இப்போது மதிக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறது அது. எனக்குச் சுழியம் சொன்ன பழைய கோப்பிடம் அந்த நேர்மை இல்லை.

50 மில்லிசெகண்டுத் தாமதத்தோடு மறுபடி ஓட்டினேன். உடனே நின்றது. தாமதத்தை நீக்கி ஓட்டினேன். நாற்பது நிமிடம் கழித்து நின்றது. அந்த நள்ளிரவில் நான் அடைந்த மகிழ்ச்சியை நியாயப்படுத்துவது கடினம், ஏனெனில் அது என் மூன்றாம் இயல் சரிந்த கணமும்கூட.

இன்னொரு பொறியும் இருந்தது. நிறுத்தப்புள்ளியில் நிற்பது உட்கரு மட்டும். உணரியிலிருந்து நினைவகத்துக்கு அளவுகளைக் கொண்டுவரும் டிஎம்ஏ நிற்பதில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடையகம் நிறைந்து வழிந்துவிடும். மீண்டும் ஓடவிட்டால் அடுத்து வரும் தவறு நான் பார்த்ததால் நேர்ந்த தவறு. லபோவ் சொன்ன நோக்குநர் முரண் நமக்குப் புதிதன்று. மக்கள் கவனிக்கப்படாதபோது எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. ஆகவே நிறுத்துவதைக் கைவிட்டேன். எண்ணிக்கையை நிரலே ஒவ்வொரு கட்டின் தலைப்பிலும் எழுதுமாறு செய்தேன். கட்டு தொலையும்போது ஒரு முனையின் மின்னழுத்தம் மாறும்படி வைத்து, லாஜிக் அனலைசரில் தொலைவிலிருந்து பார்த்தேன். பிறகு காற்றின் இடையகத்தையும் அரை வினாடிக்குப் பெரிதாக்கினேன். ஒரு முழு இரவு ஓடியது; ஒரு கட்டும் தொலையவில்லை. இம்முறை அதை நம்பினேன், ஏனெனில் அதே அமைப்பு, தாமதத்தைச் சேர்த்தபோது தொலைந்ததைச் சொல்லியிருந்தது.

முதியோரிடம் மட்டும் ஏன் பிழை விழுந்தது? இளையோர் சொற்பட்டியலைப் படித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார்கள். முதியோர் முதலில் கதை சொன்னார்கள். பட்டியலை முக்கால் மணிநேரம் கழித்தே எடுக்க முடிந்தது. அதற்குள் ஒன்றிரண்டு கட்டுகள் தொலைந்திருந்தன. நான் கண்ட தலைமுறை வேறுபாடு, பதிவு தொடங்கி எவ்வளவு நேரம் கழிந்தது என்பதன் வேறுபாடு. தனித்தனியாக வரைந்திருந்தால் புள்ளிகள் 0, 32, 64 என்று மூன்று குவியலாக நின்றிருக்கும். நான் சராசரி எடுத்திருந்தேன்.

இதைவிட வெட்கக்கேடான செய்தி ஒன்று உண்டு. ஒலிக் கோப்பின் நீளத்திலிருந்து காற்றுக் கோப்பின் நீளத்தைக் கழித்திருந்தாலே போதும்; டீபக்கரே தேவையில்லை. ஆனால் நான் எழுதிய பைத்தான் நிரல், நீளம் பொருந்தாவிட்டால் நீண்டதன் வாலை ஓசையின்றி வெட்டிவிடும். அந்த வரியை எழுதிய நாள்கூட நினைவிருக்கிறது. பிழைச்செய்தி வந்து தொல்லை செய்ததால் எழுதினேன்.

மீட்பு வேலை நடக்கிறது. பத்துப் பதிவுகளில், பட்டியல் எடுக்கும்வரை ஒரு கட்டும் தொலையவில்லை. மூன்றில் 'ப' வெடிப்புகளைக் கொண்டு நகர்வைத் திருத்த முடிகிறது. திருத்திய பின் தலைமுறை வேறுபாடு ஏதும் தெரியவில்லை. ஒன்றில் பட்டியலின் நடுவிலேயே கட்டு தொலைந்திருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். நெறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இயலின் தலைப்பை மாற்ற வேண்டாம், முடிவை மாற்று" என்றார்.

நால்வரிடமும் மறுபடி பதிவு செய்ய அனுமதி கேட்டுக் குந்தியிலுள்ள தோழிக்குத் தொலைபேசினேன். முகமூடி மூச்சை அடைக்கிறது என்று முதல்முறையே குறைப்பட்டுக்கொண்ட மூதாட்டி என்ன சொல்வாரோ என்று அஞ்சினேன். பழுது அவருடைய பேச்சில் இல்லை, என் பெட்டியில்தான் என்று சொல்லச் சொன்னேன். அவர் சிரித்தாராம். இப்போது மஹுவாப் பூ உதிரும் காலம். விடியும் முன்பே பொறுக்கப் போய்விடுவாராம். அது முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார். இம்முறை பட்டியலை முதலில் படித்துவிட்டுக் கதையைப் பிறகு சொல்கிறாராம்.