குச்சியைக் கீறிப் பார்

மரவள்ளிக் காட்டுக்குள் உச்சிவெயிலில் நுழைந்தால் கண் முதலில் இலைக்குத்தான் போகும். இலை தொங்கிக் கிடந்தால் மனசு பதறி, கை மோட்டார் சுவிட்சைத் தேடும். அந்தப் பதற்றத்துக்கு நான் கொடுத்த விலை ஒரு ஏக்கர் கிழங்கு.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம் எங்கள் காடு. அந்தத் தையில் இரண்டு ஏக்கர் குச்சி நட்டிருந்தேன். மேல்காட்டுக்குக் கிணறு, கீழ்க்காட்டுக்குப் போர்வெல். போர்வெல் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது.

வைகாசியில் கிணறு வற்றியது. மேல்காட்டில் அடியிலை பழுத்துக் கொட்டி, நுனியில் ஒரு கைப்பிடி இலைதான் மிச்சம். "போச்சுப்பா" என்றேன். அப்பா கட்டைவிரல் நகத்தால் தண்டைக் கீறினார். உள்ளே பச்சை, ஈரம். "எலையப் பாக்காதடா, குச்சியப் பாரு. சாகல, அடங்கி உக்காந்திருக்கு" என்றார்.

அடங்குவதுதான் இந்தச் செடியின் வித்தை. மண் முழுசாகக் காயும் முன்பே, காற்று வறண்டதும் இலைத்துளைகளை மூடிவிடும். கிழட்டு இலைகளை உதிர்க்கும்; புது இலையைச் சின்னதாக விடும். வேர் அதிகமில்லை, ஆனால் சில வேர்கள் ஆறடிக்கும் கீழே இறங்கி ஈரம் தேடும். மக்காச்சோளம் பூக்கிற நேரத்தில் தண்ணீர் தவறினால் கதிர் பொக்காகிவிடும். வேர் பிடித்துவிட்டால் மரவள்ளிக்கு அப்படித் தவறவிடக்கூடாத ஒரு வாரம் என்று கிடையாது. முதல் ஐந்து மாதத்தில் காய்ந்தால் விளைச்சல் குறையும், செடி பிழைத்துக்கொள்ளும்.

கீழ்க்காட்டுக்கு நான் அந்த வாய்ப்பைத் தரவில்லை. சொட்டுநீரில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போர்வெல் தண்ணீர் விட்டேன். இலையோரம் கருகியது. தாகம் என்று நினைத்து இன்னும் திறந்தேன். ஈரவட்டத்தின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. மண்ணில் ஈரம் இருந்தும் உப்பு பிடித்துக்கொண்டதால் வேரால் அதை இழுக்க முடியவில்லை. உள்ளே போன சோடியம், கிழங்குக்கு வேண்டிய சாம்பல்சத்தை நெருங்கவிடாமல் தடுத்தது. அங்கேயும் செடி அடங்கித்தான் பார்த்தது. மழைக்காக அடங்கலாம், ஒருநாள் வரும். உப்பு காத்திருந்தால் போகாது. நான் விட்ட ஒவ்வொரு வாளித் தண்ணீரும் அதைக் கூட்டிக்கொண்டே இருந்தது.

ஆடியில் ஒரு தூறல். சந்தோஷத்தில் சொட்டுநீரை நிறுத்தினேன். நாலே நாளில் கீழ்க்காடு இன்னும் சோர்ந்தது. விளிம்பில் பூத்திருந்த உப்பைக் கரைத்து வேரடிக்குக் கொண்டுபோக அந்தத் தூறல் போதும். அதற்கும் கீழே தள்ளப் போதாது. இப்போதெல்லாம் தூறலில் சொட்டுநீரை ஓடவே விடுகிறேன், கனமழை பிடித்த பிறகே அடைப்பு. நல்ல தண்ணீரை இளங்குச்சிக்கு ஒதுக்குகிறேன். உப்புத்தண்ணீர் விட்டே ஆகவேண்டுமென்றால், நாள் தள்ளி, உப்பு வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு நிறைய விடுகிறேன்.

ஆவணியில் நல்ல மழை. மேல்காடு பத்தே நாளில் துளிர்த்தது. அந்தப் பச்சையைப் பார்த்து உடனே பிடுங்கினால் நட்டம். துளிர் விடுவதற்கு, தண்டிலும் கிழங்கிலும் சேர்த்த மாவைத்தான் செடி எடுத்துச் செலவழிக்கிறது. ஜவ்வரிசி ஆலையில் கிழங்கைத் தண்ணீருக்குள் எடைபோட்டு மாவைப் பாயிண்ட் கணக்கில் சொல்வார்கள். காசு அந்தப் பாயிண்டுக்குத்தான். கார்த்திகை வரை பொறுத்தேன். காய்ச்சலில் விளைந்த கிழங்கில் கசப்பும் நஞ்சும் ஏறும் என்பதால், வீட்டுக்கு எடுத்ததை நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினோம்.

கிணறு வற்றிக் காய்ந்து கிடந்த மேல்காடு ஆலைக்கு லோடு அனுப்பியது. தினம் தண்ணீர் குடித்த கீழ்க்காட்டில் பிடுங்கிய கூலிக்கும் கட்டவில்லை.

இப்போதும் சித்திரை வெயிலில் இலை தொங்கினால் மனசு பதறத்தான் செய்கிறது. போர்வெல் சுவிட்சில் கை வைக்கும் முன் ஒரு குச்சியைக் கீறிப் பார்க்கிறேன். பச்சை தெரிந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறேன்.