தானாய் முளைத்த பிள்ளை

நாமே விதை ஊன்றி முளைக்க வைத்த செடியைப் பற்றி நமக்கு அதிகக் கவலை இருப்பதில்லை. கத்தரி விதையைப் போட்டோம், கத்தரி முளைத்தது. அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை. தானாக முளைத்த செடியின் சமாசாரம் அப்படியல்ல. ஊர் மந்தையில் ஒருநாள் காலையில் முன்பின் தெரியாத ஓர் ஆள் மூட்டை முடிச்சோடு வந்து உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கும்? எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, யாரைத் தேடி வந்தாய் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்போம் அல்லவா? தோட்டத்திலும் அதுதான் நடக்கிறது. களை என்று பிடுங்கி எறிய இரண்டு விரல் போதும். ஆனால் களை என்று எந்தச் செடிக்கும் பெயர் கிடையாது. அது நாம் சொல்லும் தீர்ப்பு. தீர்ப்புச் சொல்லுமுன் விசாரிக்க வேண்டியது நியாயம்.

எங்கள் எம்.ரெட்டியபட்டிப் பக்கத்தில் இந்த விசாரணை கொஞ்சம் கடுமையானது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் முழுவதும் வானம் பார்த்த பூமி. குண்டாறு என்று ஓர் ஆறு இருக்கிறது. வருஷத்தில் பல மாதம் அதில் மணல்தான் தெரியும். பருத்தியும் சோளமும் மல்லியும் மிளகாயும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி நிற்பவை. வீட்டுத் தோட்டமோ பாத்திரம் கழுவிய தண்ணீரை நம்பி நிற்பது. பெயர் தெரியாத செடிக்கு ஊற்றும் ஒரு செம்புத் தண்ணீர், பெயர் தெரிந்த செடியின் வாயிலிருந்து பிடுங்கியதாகும்.

முந்தின வருஷம் ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு வாரத்தில், எங்கள் வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அந்தக் கன்று தலைகாட்டியது. முதலில் தடித்த இரண்டு விதையிலை. பிறகு ஒரு காம்பில் இரு வரிசையாய்ப் பொடி இலைகள். புளியங்கன்று என்றுதான் யாரும் சொல்வார்கள். அடுத்த இலைகள் வந்தபோது காம்பு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையிலும் பொடி இலைகள் வரிசை கட்டின. புளிக்கு அப்படிக் காம்பு பிரியாது. ஆகவே புளி வழக்கிலிருந்து விடுதலையாயிற்று.

மிஞ்சியவர்கள் மூன்று பேர்: நாட்டுக் கருவேல், சீமைக்கருவேல், வன்னி. மூன்றுக்கும் பிள்ளைப் பிராயத்தில் முகம் ஏறத்தாழ ஒன்றே. வளர்ந்தபின் அடையாளம் காணக் குருடனாலும் முடியும். நாட்டுக் கருவேல் மஞ்சள் பந்துகளாய்ப் பூக்கும். அதன் காய் மணி கோத்தாற்போல இருக்கும். சீமைக்கருவேலின் பூ அணில் வாலைப்போல நீண்டு தொங்கும். நெற்று வைக்கோல் நிறத்தில் இனிக்கும். ஆனால் பூக்கும்வரை காத்திருக்க நம்மால் முடியுமா?

துப்பறியும் கதை எழுதுகிறவர்கள், குற்றம் செய்ய யாருக்கு வாய்ப்பு இருந்தது என்று முதலில் பார்ப்பார்கள். எங்கள் கொல்லையில் இருவருக்கு வாய்ப்பு இருந்தது. ஆடி மாதம் கத்தரிப் பாத்திக்கு ஆட்டு எரு வாங்கிப் போட்டிருந்தோம். ஆடுகள் சீமைக்கருவேல் நெற்றை ஆசையாகத் தின்னும். அதன் விதைக்குக் கெட்டியான தோல். ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்தால் அந்தத் தோல் இளகிச் சுலபமாக முளைக்கும். எருவோடு வந்தது அது என்று சொல்ல இடமுண்டு.

இன்னொரு வாய்ப்பு என் தாயாரின் முந்தானையில் இருந்தது. வைகாசியில் குலதெய்வக் கோயிலுக்குப் போனபோது அங்கே நின்ற வன்னி மரத்தடியில் கிடந்த நெற்றுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்து வந்தார்கள். வீட்டுக்கு வந்து புடவையை உதறியது துவைக்கிற கல்லண்டைதான்.

"சாமி வந்து முளைச்சிருக்கு. யாரும் கை வைக்கப்படாது" என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அன்று முதல் கத்தரிக்கு ஒரு செம்பு, சாமிக்கு ஒரு செம்பு.

அம்மாவின் ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. வன்னி சாமானிய மரமா? அஞ்ஞாதவாசம் போகுமுன் பாண்டவர்கள் தங்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்தது வன்னி மரத்தில்தான் என்று பாரதம் சொல்கிறது. விருத்தாசலத்திலும் திருவான்மியூரிலும் அதுவே தலவிருட்சம். ராஜஸ்தானில் அதற்குக் கேஜ்ரி என்று பெயர். ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி என்ற கிராமத்தில், 1730இல், அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டுமென்று ராஜாவின் ஆட்கள் கோடரியோடு வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பிஷ்னோய்ப் பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டாள். அவளைத் தொடர்ந்து மாண்டவர்களையும் சேர்த்து 363 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

சீமைக்கருவேலின் சரித்திரம் வேறு. அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பிரதேசங்கள் அதன் பிறந்த வீடு. சென்னை ராஜதானியின் வன அதிகாரியாக இருந்த பெட்டோம் என்ற துரை, வறண்ட ஜில்லாக்களுக்கு விறகு மரம் வேண்டுமென்று எழுதிக் கேட்டதன் பேரில், ஜமைக்காவிலிருந்து விதை வந்து, 1877இல் கடப்பைப் பக்கத்துக் கமலாபுரத்தில் நடப்பட்டது. பிறகு நாடெங்கும் பரப்பினார்கள். வேலிக்காத்தான் என்று நாம் அதற்குச் செல்லப் பெயரும் சூட்டினோம். வேலியைக் காக்க வந்தது வேலியைத் தாண்டிப் புஞ்சைக்குள் இறங்கியது, கண்மாய்க்குள் இறங்கியது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றும்படி உத்தரவிட்டது. 2022இல் அயல் தாவரங்களை ஒழிப்பதற்கென்று தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே வகுத்தது.

ஒரு மரத்தைக் காப்பாற்றச் சனங்கள் செத்தார்கள். இன்னொரு மரத்தைச் சாகடிக்கக் கோர்ட்டு உத்தரவு போட்டது. நாலு இலைப் பருவத்தில் இரண்டும் அண்ணன் தம்பியைப்போல இருக்கின்றன! தாவர சாஸ்திரிகளும் வெகு காலம் இரண்டையும் புரோசோபிஸ் என்ற ஒரே குலப்பெயரால்தான் அழைத்துவந்தார்கள். 2022இல்தான் சீமைக்கருவேலை நெல்டுமா என்ற தனிக் குலத்துக்கு மாற்றி, வன்னியைப் பழைய பெயரிலேயே விட்டுவைத்தார்கள்.

இதில் அவசரமும் உண்டு. வன்னி நிதானஸ்தன். முதலில் வேரை ஆழமாக இறக்கிவிட்டு, மேலே சாண் அளவு எட்டிப் பார்க்கவே அதற்கு மாதங்கள் ஆகும். சீமைக்கருவேல் தண்ணீரைக் கண்டால் மேலும் ஓடும், கீழும் ஓடும். அதன் உறவு மரம் ஒன்றின் வேரை அமெரிக்காவில் அரிசோனாவிலுள்ள ஒரு சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கிணறு, கன்று நின்ற இடத்திலிருந்து பத்தடி. பொறுத்திருந்து பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். ஆனால் தெரிகிற நேரத்தில் பிடுங்க முடியாமல் போய்விடும். இதுதான் சங்கடம்.

பக்கத்துத் தெரு வாத்தியாரையா வந்தார். ஓய்வு பெற்றவர், சிரத்தையாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இலைகளை எண்ணினார். "வன்னிக்குச் சிற்றிலை குறைச்சல், சாம்பல் பூத்தாற்போல இருக்கும். சீமைக்கருவேலுக்கு அதிகம். ஆனா கன்னுல இந்தக் கணக்கை நம்பக் கூடாது, தம்பி. இன்னும் ஒரு மாசம் போகட்டும்" என்றார்.

அடுத்த வீட்டுப் பெண் தன் ஆட்டுக்குட்டியோடு வந்தாள். "அத்தை, ஆட்டைக் கேட்டா அது சொல்லிரும். வன்னிக் குழைன்னா விடாது, சீமைக்கருவேலுன்னா மோந்து பார்த்துட்டுப் போயிரும்" என்றாள். அவள் சொன்னதில் பிசகில்லை. நெற்றைத் தின்னும் ஆடு அதன் பச்சை இலையைத் தொடாது. ஓர் இலையைக் கிள்ளி நீட்டினோம். குட்டி மோந்து பார்த்தது. பிறகு கத்தரிச் செடிப் பக்கம் திரும்பிற்று.

"அது வயிறு முட்டத் தின்னுட்டு வந்திருக்கு" என்று அம்மா சாட்சியைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

மார்கழி பிறந்தபோது கன்று முழங்கால் உயரம். அந்தச் சமயத்தில்தான் கரிமூட்டம் போடுகிற பெரியவர் வீட்டுக்கு வந்தார். எங்களுக்கு மூன்று குறுக்கம் புஞ்சை தரிசாய்க் கிடக்கிறது. கிடக்கிறது என்றால் சீமைக்கருவேல் அடர்ந்து கிடக்கிறது. மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை அவர் அதை வெட்டி, அங்கேயே விறகை அடுக்கி, வைக்கோலும் ஈர மண்ணும் போட்டு மூடி, தீ வைத்து, நாள் கணக்கில் புகையவிட்டுக் கரியாக்கி விற்பார். நாலைந்து டன் விறகு வெந்தால் ஒரு டன் கரி கிடைக்கும். ராத்திரியெல்லாம் பக்கத்திலேயே இருந்து, மண் விரிசல் விட்டால் அடைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் அத்தனையும் சாம்பல். அந்த வருஷ வெட்டுக்கு விலை பேசத்தான் அவர் வந்திருந்தார்.

அம்மா அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனார்கள். அவர் இலையைப் பார்க்கவில்லை. குனிந்து தண்டை இரண்டு விரலால் கீழிருந்து மேலாகத் தடவினார்.

"அக்கா, வன்னிக்கு முள்ளு கணுவுக்குக் கணு நடுவுல, தண்டு பூராவும் சிதறிக் கிடக்கும். இதுல பாருங்க, இலை புறப்படுற கணுவுலதான் முள்ளு. நாட்டுக் கருவேலுக்கும் கணுவுலதான். ஆனா அதுக்கு இந்நேரம் காம்புல கிளை இன்னும் கூட இருக்கும். இது நம்ம கரிமூட்டத்து ஆளு."

அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் போன பிறகும் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தார்கள். சாமி வரவில்லையே என்ற வருத்தம் என்று நினைத்து, அடுத்த வைகாசியில் வேறு நெற்று கொண்டுவரலாம் என்றேன்.

"அதுக்கில்லப்பா" என்றார்கள். "இதை எப்படிப் புடுங்குறது?"

கடப்பாரை கேட்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நான் கல்லூரிக்குப் போன இரண்டு வருஷமும் மழை பொய்த்த காலம். அப்பா உழவு மாட்டை விற்றிருந்தார். காலேஜ் சம்பளம் கட்டிய பணம், அந்த மூன்று குறுக்கத்து முள்ளை வெட்டிய பணம். வெட்டியவர்களில் அம்மாவும் ஒருவர். ஒருமுறை உள்ளங்காலில் ஏறிய முள் சீழ் வைத்து, மாதக்கணக்கில் நொண்டியபடி நடந்தார்கள். மாட்டையும் பயிரையும் கைவிட்ட பூமி, அந்தப் பரதேசி மரத்தின் கையால்தான் எங்களுக்குச் சோறு போட்டது. எங்கள் வீட்டில் மட்டுமா? எங்கள் சீமையில் அந்தக் கரியால் அடுப்பெரிந்த வீடுகள் கொஞ்சமல்ல. அதே மரம்தான் உழவுக்காரனைத் திரும்பப் புஞ்சைக்குள் கால் வைக்க விடாமல் தடுத்ததும். மேலாக வெட்டினால் அடியிலிருந்து நாலாய்த் துளிர்க்கும். தூரோடு எடுக்க ஆகும் கூலி, அந்த நிலத்தின் விளைச்சலில் எத்தனையோ வருஷத்துக்குத் திரும்பாது. ஆகவே வெட்டி விற்கிறோம்; அது துளிர்க்கிறது; மறுபடி வெட்டி விற்கிறோம்.

உபகாரம் செய்தவன், உபத்திரவம் செய்தவன் என்று மனிதர்களை இரண்டு பட்டியலில் எழுதி வைக்கிறோம். கதைகளில் நானும் அப்படி எழுதுவதுண்டு. இந்த மரத்தை எந்தப் பட்டியலில் எழுதுவது? அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களே எழுந்துபோய்க் கடப்பாரையை எடுத்து வந்தார்கள். மண் ஈரமாக இருந்ததால் சுற்றிலும் தோண்டி, வேர் அறாமல் உருவ முடிந்தது. மேலே முழங்கால் அளவு கன்று. கீழே அதைவிட நீளமான வேர். அதன் நுனி கிணற்றுப் பக்கம் திரும்பியிருந்தது. மண்ணை உதறிவிட்டு, வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் காயப் போட்டார்கள்.

மறுநாள் பெரியவர் அட்வான்ஸோடு வந்தார். அம்மா பணத்தை வாங்கவில்லை.

"தூரோட எடுக்கிறதா இருந்தா வெட்டுங்க. மேலாக வெட்டிட்டுப் போறதா இருந்தா இந்த வருஷம் வேண்டாம்."

"அக்கா, தூரு தோண்டக் கூலி கட்டாதே."

"தூரும் கரியாகுமில்ல? நல்ல கனமான கரியாகும். அந்தக் கரி பூராவும் உங்களுக்கே. எனக்கு முள்ளுக்குப் பாதி விலை போதும்."

அவர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். மூன்று குறுக்கமும் தாங்காது, ஒரு குறுக்கம் பார்க்கலாம் என்றார். மீதி இரண்டையும் அவர் வழக்கப்படியே வெட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. அவருக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

தூர் எடுத்த அந்த ஒரு குறுக்கத்தில் இந்த ஐப்பசிக்குக் குதிரைவாலி விதைத்தோம். பயிருக்கு நடுவே நாலடிக்கு ஒன்றாய்ப் பொடிக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. ஆடுகள் நடந்த பூமி அல்லவா! அம்மாவும் நானும் காலை வெயில் ஏறுமுன் போய் ஒவ்வொன்றாகக் குனிந்து கணுவைத் தடவிப் பார்க்கிறோம். இதுவரை பிடுங்கியது முந்நூறுக்கு மேல் இருக்கும். தடவிப் பார்க்காமல் பிடுங்க மட்டும் அம்மா விடுவதில்லை.